கரை உடைந்த இடத்தில் ஒரு தோட்டம்

ஆற்றங்கரை உடைத்துக்கொண்டு வெள்ளம் பாயும்போது, அது பாய்ந்து விழும் இடத்தில் மண்ணை அரித்து ஆழமான ஒரு மடுவைப் பறித்துவிடும். வெள்ளம் வடிந்த பிறகு அந்த மடுவைத் தூர்ப்பார்கள். தூர்க்க முடியாத ஆழமென்றால் புதுக்கரையை அதைச் சுற்றி வளைத்துப் போட்டுவிட்டு, மடுவை விதியே என்று விட்டுவிடுவார்கள். ஜெர்மனியில் எல்பே ஆற்றை ஒட்டிய வோர்லிட்ஸ் என்னும் சிற்றூரின் தோட்டத்தில் அப்படிப்பட்ட மடு ஒன்று உண்டு. அதன் பெயர் பெரிய வால்லோஹ். ‘வால்’ என்பது வெள்ளத்தைத் தடுக்கும் மண்கரை. ‘லோஹ்’ என்பது ஓட்டை. கரையில் விழுந்த ஓட்டை என்பதையே பெயராக வைத்துக்கொண்டு, சுற்றிலும் ஓக் மரங்கள் நிழல் விரிக்க, நடுவே அல்லிகள் மிதக்க, அந்த நீர்நிலை இன்று ஓவியம்போல் கிடக்கிறது. அந்தத் தோட்டத்தில் கோவில்கள் இருக்கின்றன, குகைகள் இருக்கின்றன, ஓர் எரிமலைகூட இருக்கிறது. ஆயினும் என்னைக் கேட்டால், அங்கே பார்க்க வேண்டியவற்றில் முதலாவது இந்த உடைப்பு மடுதான் என்பேன்.

வோர்லிட்ஸ், டெஸ்ஸாவுக்கும் விட்டன்பெர்க்குக்கும் இடையில், இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். 1894இல் போடப்பட்ட ஒரு கிளை ரயில்பாதை டெஸ்ஸாவிலிருந்து அங்கே போகிறது. நிலையத்தில் இறங்கி, செங்கல் வீடுகள் நிற்கும் ஒரு தெருவைக் கடந்தால் தோட்டம் வந்துவிடுகிறது. ‘வந்துவிடுகிறது’ என்று நான் சொல்வதற்குக் காரணம், எந்த இடத்தில் தெரு முடிந்து தோட்டம் தொடங்கியது என்பதை நான் கவனிக்கவே இல்லை என்பதுதான். மதிலும் இல்லை, நுழைவாயிலும் இல்லை, சீட்டு கிழிப்பவரும் இல்லை. இந்த மதிலின்மை பராமரிப்புக் குறைபாட்டினால் வந்ததன்று. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தோட்டத்தை அமைத்தவர் எடுத்த முடிவு. அவரைப் பற்றிச் சொன்னால்தான் அந்த முடிவு விளங்கும்.

மூன்றாம் லியோபோல்ட் ஃபிரீட்ரிஷ் ஃபிரான்ஸ், சுருக்கமாக ஃபிரான்ஸ், 1740இல் பிறந்தவர். அன்ஹால்ட்-டெஸ்ஸாவ் என்ற மிகச் சிறிய சிற்றரசின் வாரிசு. அவருடைய தாத்தா, ‘கிழ டெஸ்ஸாவர்’ என்று படைவீரர்கள் செல்லமாக அழைத்த, பிரஷ்யப் படைக்கு அணிவகுப்புப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்த புகழ்பெற்ற தளபதி. பரம்பரை வழக்கப்படி பேரனும் பிரஷ்யப் படையில் சேர்ந்தார். ஏழாண்டுப் போரில் 1757ஆம் ஆண்டு கோலின் போர்க்களத்தில் பிரஷ்யப் படை தோற்றுச் சிதறிய பின்னர், பதினேழு வயதில் அவர் படையிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். இரண்டாம் ஃபிரீட்ரிஷின் பிரஷ்யா அவரை மன்னிக்கவில்லை. போர்ச் செலவுக்கென்று அந்தச் சிறுநாட்டிடம் பெருந்தொகை கறந்தது. தாத்தாவின் பெயரைக் காப்பாற்றப் போரில் சாகவேண்டிய ஒருவர், அதை விட்டுவிட்டு வந்து, சொந்த நாட்டை ஒரு தோட்டமாக்குவது என்று முடிவெடுத்தார். இதில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. அந்தப் பிடிவாதத்தை எனக்குப் பிடித்திருக்கிறது.

தோட்டம் என்றால் அந்தக் காலத்து ஐரோப்பிய அரசர்களுக்கு ஒரே ஒரு பொருள்தான்: அரண்மனையிலிருந்து அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக ஓடும் சாலைகள், கத்தரித்துப் பொம்மைபோலாக்கிய புதர்கள், சமச்சீரான பூப்பாத்திகள், நடுவே நீரூற்று. ஃபிரான்ஸின் வீட்டிலேயே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருந்தது. அவருடைய கொள்ளுப்பாட்டி, நெதர்லாந்தின் ஆரஞ்சு வம்சத்தைச் சேர்ந்த ஹென்ரியட் கத்தரீனா, 1683 முதல் வோர்லிட்ஸுக்கு அருகிலுள்ள ஒரானியன்பாமில் டச்சுக்காரர்களை வைத்து அரண்மனையும் ஊரும் தோட்டமும் ஒரே கட்டத்தில் அமையும்படி கட்டியிருந்தார். அதை இன்றும் பார்க்கலாம். அங்கே நின்றால் மனிதன் இயற்கைக்குச் சொன்ன கட்டளை ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கும்.

ஃபிரான்ஸ் இங்கிலாந்துக்குப் போனார். ஒரு முறையல்ல, நான்கு முறை: 1763–64இல் முதல் பயணம், பின்னர் 1766–67, 1775, 1785. முதல் பயணத்திலிருந்தே உடன் சென்றவர் டிரெஸ்டனைச் சேர்ந்த ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் ஃபான் எர்ட்மான்ஸ்டோர்ஃப். மன்னரைவிட நான்கு வயது மூத்தவர், நண்பர், பிற்பாடு அவருடைய கட்டடக் கலைஞர். ஸ்டோ, ஸ்டவர்ஹெட், கியூ, கிளேர்மான்ட் என்று இருவரும் பார்த்துத் திரிந்த தோட்டங்களில், ஏரிக்கரை வளைந்து ஓடியது. மரங்கள் தம் இயல்பில் வளர்ந்து குழுக்குழுவாக நின்றன. ஒரு திருப்பத்தில் எதிர்பாராமல் தொலைவில் ஒரு கோவில் தெரிந்தது. 1765இல் தொடங்கிய நீண்ட பயணத்தில் இத்தாலிக்கும் சென்றார்கள். ரோமில் பண்டைக் கலையின் பேரறிஞரான விங்கெல்மன் அவர்களுக்கு வழிகாட்டினார். 1766இல் நேப்பிள்ஸில், ஆங்கிலத் தூதராக இருந்துகொண்டே வெசுவியஸ் எரிமலையை ஆராய்ந்துவந்த வில்லியம் ஹாமில்டனைச் சந்தித்தார்கள். பார்த்ததையெல்லாம் ஊருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற ஆசை பயணம் போய்வரும் எல்லோருக்கும் உண்டு. நாமெல்லாம் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம்; அவர் கட்டிவிட்டார்.

வோர்லிட்ஸில் 1760களின் நடுவில் பணி தொடங்கியது. எல்பே ஆறு என்றோ கைவிட்டுப்போன பழைய கிளையொன்று அங்கே ஏரியாகத் தேங்கியிருந்தது. அதுதான் தோட்டத்தின் முதுகெலும்பு. ஐசர்பெக், நாய்மார்க், ஷோஹ் தந்தையும் மகனும் என்று தோட்டக்கலைஞர்கள் பலர் அடுத்தடுத்து உழைத்தார்கள். தோட்டத்தின் ஐந்து பகுதிகளில் இரண்டு இன்றும் நாய்மார்க் தோட்டம், ஷோஹ் தோட்டம் என்று அவர்கள் பெயராலேயே வழங்குகின்றன. மன்னர் தம் பெயரை வைத்துக்கொள்ளாமல் தோட்டக்காரர்களின் பெயரை வைத்தது அந்த நூற்றாண்டில் சாதாரணம் அன்று. 1769இல் எர்ட்மான்ஸ்டோர்ஃப் அரண்மனையைக் கட்டத் தொடங்கி 1773இல் முடித்தார். அரண்மனை என்று சொன்னாலும் அது ஒரு பெரிய நாட்டுப்புற வீடுதான்; முகப்பில் நான்கு தூண்கள், மேலே முக்கோண முகடு, அவ்வளவே. ஜெர்மன் நாடுகளில், பண்டைக் கிரேக்க, ரோமானியக் கட்டடங்களைப் பின்பற்றும் புதுச்செவ்வியல் கட்டடக்கலை இந்த வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது என்று கலை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

வீடு பாதி எழுந்திருந்தபோது ஆறு வந்தது. 1770ஆம் ஆண்டின் பெருவெள்ளம் எல்பேயின் கரைகளை உடைத்து, அதுவரை நட்டிருந்தவற்றில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. வேறொருவராக இருந்தால் மேட்டுப்பாங்கான வேறோர் இடம் பார்த்திருப்பார். ஃபிரான்ஸ் கரையை மறுபடி போட்டு உயர்த்தினார். போட்ட கரையையே தோட்டத்தின் உறுப்பாக்கினார். இன்று தோட்டத்தின் வடக்கு விளிம்பில் ஓடும் அந்தக் கரையின்மேல் நடந்தால், ஒரு பக்கம் தோட்டத்தின் ஏரிகளும் கோவில்களும் தாழ்வாகத் தெரிகின்றன, மறுபக்கம் ஆற்றுவெளியின் புல்நிலமும் தனித்து நிற்கும் ஓக் மரங்களும் தெரிகின்றன. நடப்பவர், தாம் வெள்ளத் தடுப்பின்மேல் நடக்கிறோம் என்பதை மறந்து, காட்சி மேடையொன்றில் உலவுவதாக நினைத்துக்கொள்கிறார். கரையோரம் இடைவெளிவிட்டுச் சிறுசிறு காவல் வீடுகளையும் கட்டினார்கள். வெள்ளக் காலத்தில் ஆட்கள் தங்கிக் கரையைக் கண்காணிக்கவும், மண்வெட்டியும் கம்பும் வைத்துக்கொள்ளவும் ஆனவை அவை. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாணியில், தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் தோட்டத்தின் அலங்காரம்போல் தோன்றும்படி அமைந்தவை. 1790களில் கட்டிய பாந்தியன்கூட, ரோமின் பெருங்கோவிலைச் சிறிதாக்கி, கரையை ஒட்டியே நிற்கிறது. பயனுள்ளதையும் அழகானதையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதை நூல்களில் படித்தபோது அது வெறும் நல்ல சொல்லாகவே பட்டது. காவல் வீட்டின் வாசலில் நின்றபோதுதான் அது வேலைத்திட்டம் என்று தெரிந்தது.

வயல்களையும் அவர் தோட்டத்துக்கு வெளியே தள்ளவில்லை. கோவிலுக்கும் குகைக்கும் இடையே தானியம் விளைந்தது, ஆடு மேய்ந்தது, சாலையோரங்களில் பழமரங்கள் நின்றன. மேயும் விலங்கு பூச்செடிக்குள் வராமல் தடுக்க வேலிக்குப் பதிலாக ஆங்கிலேயரின் தந்திரத்தைக் கையாண்டார்கள்: ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் வெட்டிய பள்ளம். தொலைவிலிருந்து பார்த்தால் புல்வெளி தடையின்றிப் போவதுபோலவே இருக்கும். கிட்டே போனால்தான் பள்ளம் இருப்பது தெரியும். பார்ப்பவர் வியப்பில் ‘ஆகா’ என்று கத்துவதால் ஜெர்மன் மொழியில் அதற்குப் பெயரே ‘ஆகா’.

112 ஹெக்டேர் பரப்புள்ள இந்தத் தோட்டத்தை நடந்தும் பார்க்கலாம், படகிலும் பார்க்கலாம். நான் இரண்டும் செய்தேன். படகை ஓட்டுபவர் துடுப்பால்தான் ஓட்டுகிறார், இயந்திரம் கிடையாது. துடுப்பு நீரிலிருந்து எழும்போது அதன் நுனியிலிருந்து சொட்டும் துளிகளின் ஓசைகூடக் கேட்கும் அமைதியில், கால்வாய் வளைகிறது. வளைவு முடியும் இடத்தில் மரங்கள் சட்டென்று விலகி, தொலைவில் வெண்ணிறமாக ஒரு கோவில் தெரிகிறது. நான்கைந்து துடுப்பு வீச்சில் மரங்கள் மறுபடி மூடிக்கொள்கின்றன. முதலில் இதைத் தற்செயல் என்றே நினைத்தேன். மூன்றாவது முறை நிகழ்ந்தபோது எண்ணத் தொடங்கினேன். சிறிது நேரத்தில் எண்ணுவதையே விட்டுவிட்டேன். இந்தத் தோட்டத்தின் உண்மையான கட்டுமானம் கோவில்களும் பாலங்களும் அல்ல, அவற்றுக்கு இடையே மரங்களுக்கு ஊடாக வெட்டி வைத்திருக்கும் இந்தப் பார்வைக்கோடுகள்தான். ஓரிடத்தில் நின்றால் ஒரு கோடு. இரண்டடி நகர்ந்தால் அது மறையும். இதில் ஒரு சங்கடம் உண்டு. கல்லில் கட்டியது நூறாண்டு கவனிக்காவிட்டாலும் நிற்கும். வெற்றிடத்தில் கட்டியது பத்து இருபது ஆண்டு கிளை கழிக்காமல் விட்டால் காணாமலே போய்விடும். ஆகவே இங்கே தோட்டக்காரர் நடுவதைவிட வெட்டுவதிலும் கழிப்பதிலும்தான் அதிகம் உழைக்கிறார்.

பாலங்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட பாலங்கள் உண்டு. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. பாலம் கட்டும் கலையின் வரலாறு முழுவதையும் நடந்தே படித்துவிடலாம் என்பது திட்டம். வளைந்த சீனப்பாணி வெள்ளைப் பாலம் ஒன்று. தூக்கு பாலம் ஒன்று. சங்கிலியில் தொங்கும் பாலம் ஒன்று. சங்கிலிப் பாலத்தில் கால் வைத்ததும் அது ஆடுகிறது; எனக்கு முன்னால் போன சிறுவன் வேண்டுமென்றே குதித்து ஆட்ட, அவனுடைய தாய் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். 1791இல் கட்டிய இரும்புப் பாலம், அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் செவர்ன் ஆற்றின்மேல் எழுந்த உலகின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலத்தின் நகல். அளவில் அதன் நான்கில் ஒரு பங்கு. அன்றைய ஜெர்மன் குடியானவர் ஒருவர் இரும்பாலும் பாலம் கட்டலாம் என்பதைப் படித்தல்ல, அதன்மேல் நடந்து தெரிந்துகொண்டிருப்பார். தொழிற்புரட்சியின் செய்தி இப்படியும் ஒரு சிற்றூருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பாடம் நடத்தும் இந்த ஆர்வம் தோட்டமெங்கும் இருக்கிறது. 1775இல் லண்டனில் ஃபிரான்ஸ், கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த இயற்கை ஆய்வாளர்களான ஃபோர்ஸ்டர்களை, தந்தையையும் மகனையும், சந்தித்தார். தென்கடல் தீவுகளிலிருந்து அவர்கள் கொண்டுவந்த பொருள்களில் ஒரு பகுதி அவருக்குக் கிடைத்தது. அவற்றை வைக்க, சதுப்பு நிலத்தில் கிடைக்கும் கரடுமுரடான இரும்புத்தாதுக் கற்களைக்கொண்டு ‘ஐசன்ஹார்ட்’ என்ற கட்டடத்தைக் கட்டி, மேலே மண்டபம் அமைத்து, வருவோர் போவோர் பார்க்க வைத்தார். ஏரியில் சிந்தனையாளர் ரூசோவுக்கு ஒரு தீவு உண்டு. பிரான்சின் எர்மனோன்வில் தோட்டத்தில், 1778இல் இறந்த ரூசோவை நெட்டிலிங்கம்போல் உயர்ந்து நிற்கும் பாப்லர் மரங்கள் சூழ்ந்த தீவில் அடக்கம் செய்திருந்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1782இல், அதே போன்ற தீவு வோர்லிட்ஸிலும் எழுந்துவிட்டது. 1794இல் ரூசோவின் எச்சங்களைப் பாரிஸுக்கு எடுத்துச் சென்றதால் அங்குள்ள கல்லறை வெற்றுக் கல்லறையாயிற்று. இங்குள்ளது தொடக்கத்திலிருந்தே வெற்றுத்தான். ஆட்சியாளர் ஒருவர், மக்களே ஆட்சியின் ஊற்று என்று எழுதியவருக்குத் தம் தோட்டத்தின் கண்ணான இடத்தைக் கொடுத்திருக்கிறார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இனி எரிமலை. 1788 முதல் 1794 வரை ஏரியின் கிழக்குக் கோடியில் ‘ஷ்டைன்’, அதாவது ‘பாறை’ என்ற செயற்கைத் தீவை எழுப்பினார்கள். கல்லைக் கொட்டிக் குவித்த அந்தத் தீவில் இருண்ட குகைவழிகள், சிறிய திறந்தவெளி அரங்கு, ஹாமில்டனின் நினைவாக ஒரு குட்டி மாளிகை, எல்லாவற்றுக்கும் மேலே கூம்பாக ஒரு வெசுவியஸ். கூம்புக்குள் அடுப்புகள் கொண்ட அறை ஒன்று உண்டு. இரவில் விருந்தினர் படகுகளில் வந்து நிற்க, உள்ளே தீ மூட்டிப் புகையைக் கிளப்புவார்கள். மேலே தேக்கிய நீரைத் திறந்துவிட, அது சிவப்புக் கண்ணாடி பதித்த பாதையின் வழியே வழியும். கண்ணாடிக்குப் பின்னால் எரியும் விளக்குகளின் ஒளியில் அது எரிகுழம்பாகத் தெரியும். மேடு என்பதே இல்லாத எல்பே சமவெளியில், மலையைப் பார்க்காமலே ஆயுள் முடியும் மக்களுக்கு எரிமலை எப்படி இருக்கும் என்று காட்டத்தான் இதைக் கட்டினார் என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், இளவயதில் தாம் பார்த்து வாய்பிளந்த காட்சியை மறுபடி பார்க்க ஆசைப்பட்டார் என்பதே எனக்கு அதைவிட நம்பத்தக்கதாகப் படுகிறது. இவர் தம் எரிமலையை முடித்த அதே 1794இல் உண்மையான வெசுவியஸும் வெடித்து டோரே தெல் கிரேக்கோ என்ற ஊரை மூடியது. பகலில், தீயில்லாமல் பார்க்கும்போது ஷ்டைன் தீவு எனக்கு அழகாகப் படவில்லை. பொம்மைக் கொலு மலையைப் பெரிதாக்கியதுபோல் இருந்தது. நெடுங்காலம் சிதைந்து பூட்டிக் கிடந்த அதைப் பழுதுபார்த்து 2005இல் மறுபடி திறந்தார்கள். அதன்பின் எப்போதாவது ஓர் இரவில் எரிமலை மறுபடி வெடிக்கிறது. அதைப் பார்த்திருந்தால் என் கருத்து மாறியிருக்குமோ என்னவோ.

பொன்முலாம் பூசிய ஒரு கலசம் தோட்டத்தின் ஓரிடத்தில் பீடத்தின்மேல் நிற்கிறது. ஃபிரான்ஸுக்கும் அவர் 1767இல் மணந்த லூயிசாவுக்கும் பிறந்து உடனே இறந்துவிட்ட முதல் மகளின் நினைவாக வைத்தது அது. அதன் அருகே நின்று நீருக்கு அப்பால் பார்த்தால் மூன்று பார்வைக்கோடுகள் விசிறிபோல் விரிகின்றன: ஒன்றின் முடிவில் ஊர்த் தேவாலயத்தின் கூர்ங்கோபுரம், இன்னொன்றின் முடிவில் வட்டவடிவமான யூதர் தொழுகைக்கூடம், மூன்றாவதன் முடிவில் ‘எச்சரிக்கைப் பீடம்’ என்ற ஒரு கல். தொழுகைக்கூடத்தை 1789–90இல் மன்னர் தம் செலவில், ரோமிலுள்ள வட்டக்கோவிலொன்றின் மாதிரியில் கட்டிக்கொடுத்தார். யூதர்கள் பல ஜெர்மன் ஊர்களில் சந்துக்குள் மறைந்து வழிபட வேண்டியிருந்த காலத்தில், ஊரின் மிக அழகான காட்சிக்குள் அவர்களுடைய தொழுகைக்கூடம் தேவாலயத்துக்குச் சமமாக வைக்கப்பட்டது. ஒருவருடைய வழிபாட்டு இடத்தைத் தோட்ட அலங்காரமாக்குவது சரியா என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் ஒளிந்திருப்பதைவிடக் காட்சியில் இருப்பது மேல் என்று அந்தச் சமூகம் கருதியிருந்தால் அதைக் குறைசொல்ல முடியாது.

1938 நவம்பரில் நாஜிகள் நாடெங்கும் தொழுகைக்கூடங்களைக் கொளுத்தியபோது வோர்லிட்ஸிலும் ஆட்கள் வந்தார்கள். தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹான்ஸ் ஹாலர்வோர்டன் அவர்களைத் தடுத்துக் கட்டடத்தைக் காப்பாற்றினார். அதற்காகத் தம் பதவியை இழந்தார். சுவர் நின்றது. தொழுதவர்கள் திரும்பவில்லை. இன்று அந்த வட்ட அறையில் அன்ஹால்ட்டின் யூதர் வரலாற்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது கோட்டின் முடிவிலுள்ள எச்சரிக்கைப் பீடம் 1800ஆம் ஆண்டளவில் வந்தது. வழிப்போக்கனே, இயற்கையையும் கலையையும் மதி, அவற்றின் படைப்புகளைச் சிதைக்காமல் விடு என்ற பொருளில் அதில் பொறித்திருக்கிறது. மதில் எழுப்பாத தோட்டத்துக்கு வேறு காவல் என்ன இருக்க முடியும்? யார் வேண்டுமானாலும் வரலாம் என்று திறந்துவிட்ட பின்னர், வந்தவர்களில் சிலர் பூப்பறித்திருப்பார்கள், சிலைமேல் பெயர் கீறியிருப்பார்கள். அதற்குப் பதிலாக வாயிலைப் பூட்டாமல், ஒரு கல்லை நட்டு வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். அக்காலத்தில் அரண்மனையின் அறைகளையும் வெளியார் பார்க்க விட்டார்கள். அரசவையைச் சேர்ந்த ஆகஸ்ட் ரோடே 1788இல் வீட்டையும் தோட்டத்தையும் விளக்கும் வழிகாட்டி நூலை எழுதினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் நடக்கலாம். அந்த நூல் வருவதற்கு முன்பே வந்து பார்த்தவர்களுள் ஜெர்மன் கவிஞர் கெத்தே ஒருவர். 1778 மே மாதம் அங்கிருந்து எழுதிய கடிதத்தில், ஏரிகளுக்கும் கால்வாய்களுக்கும் சோலைகளுக்கும் ஊடாகப் போனபோது, தன்னைச் சுற்றிலும் ஒரு கனவைப் படைத்துக்கொள்ளத் தெய்வங்கள் இந்த மன்னனுக்கு இசைந்திருக்கின்றன என்று மனம் நெகிழ்ந்ததாகக் குறிப்பிடுகிறார். அவர் வாழ்ந்த வைமார் நகரில் இல்ம் ஆற்றங்கரைப் பூங்கா உருவானதற்கு வோர்லிட்ஸ் தந்த தூண்டுதலும் ஒரு காரணம்.

மன்னருடைய சொந்த வாழ்க்கை கனவாக அமையவில்லை. லூயிசாவுக்கென்று கட்டிய வீட்டில் அவரோடு அவர் நெடுநாள் சேர்ந்து வாழவில்லை. தோட்டத்தின் நடுவே தோட்டக்காரருக்கென 1773இல் சிறிதாகத் தொடங்கிய கோத்திக் பாணி வீட்டை 1813 வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, ஒரு பக்கம் வெனிஸ் தேவாலய முகப்பு, மறுபக்கம் பழைய ஆங்கிலக் கட்டடம் என்று இரண்டு முகம் கொடுத்து, உள்ளே சுவிட்சர்லாந்தின் பழைய வண்ணக் கண்ணாடிகளைப் பதித்து, தோட்டக்காரர் ஷோஹின் மகள் லூயிசாவோடு அங்கேயே குடியிருந்தார். மனைவியின் பெயரும் லூயிசா, இவள் பெயரும் லூயிசா. வழிகாட்டிகள் இந்த இடத்தில் சற்றுக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

1817இல் ஃபிரான்ஸ் இறந்தார். வாரிசுகள் புதிதாக எதையும் பெரிதாகச் சேர்க்கவில்லை, கெடுக்கவும் இல்லை. 1918இல் ஜெர்மன் அரச வம்சங்கள் பதவி துறந்தபோது தோட்டமும் மாளிகைகளும் ஓர் அறக்கட்டளைக்குச் சென்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அரசுடைமையாயின. வோர்லிட்ஸையும், ஃபிரான்ஸ் அமைத்த மற்றத் தோட்டங்களையும், அவற்றை இணைக்கும் சாலைகளையும் வயல்களையும் சேர்த்து ஏறத்தாழ 140 சதுர கிலோமீட்டருக்கு ‘தோட்ட நாடு’ என்று பெயர். அதன் குறுக்கே 1930களில் போட்ட அதிவேக நெடுஞ்சாலை ஒன்று இன்றும் ஓடுகிறது. 2000இல் யுனெஸ்கோ இந்தத் தோட்ட நாட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரண்டே ஆண்டுகளில், 2002 ஆகஸ்டில், எல்பே மறுபடி பெருவெள்ளமாக வந்தது. பட்டியலைப் பற்றி ஆற்றுக்கு என்ன தெரியும்?

படகுத்துறையில் கடைசிப் படகு கட்டப்பட்ட பிறகும் எனக்கு ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கரைமேல் ஏறி வால்லோஹ் இருக்கும் பக்கம் நடந்தேன். நேராக வந்த கரை அங்கே ஒதுங்கி வளைந்து மடுவுக்கு வழிவிடுகிறது. வளைவின் மேலிருந்து பார்த்தால், வெள்ளம் எந்தப் பக்கமிருந்து பாய்ந்து எங்கே விழுந்திருக்கும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டிவிடலாம். நீரில் அசைவில்லை. ஊரைச் சேர்ந்த முதியவர் ஒருவர், தோளில் துண்டோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார். இதன் ஆழம் எவ்வளவு என்று கேட்டேன். அவர் சைக்கிளை நிறுத்தி, மடுவைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சிறுவயதில் இதில் குதிக்கக் கூடாது என்று தம் தாய் அடித்தது மட்டும் நினைவிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.